அண்ணி களைத்துப்போன கதை

என் அண்ணியிடம் யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ஆகட்டும்." ஞாயிறு பள்ளிக்குப் பாடம் சொல்ல ஆள் வேண்டுமா, ஆகட்டும். பாடகர் குழுவின் அங்கிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்க வேண்டுமா, ஆகட்டும். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துக்கொண்டு இடைவெளி இல்லாமல் நடத்துகிற சங்கிலி ஜெபத்தில் விடியற்காலை நேரத்துக்கு ஒருவரும் பெயர் கொடுக்கவில்லையா, அதுவும் ஆகட்டும். சபையில் அவருக்கு 'ஆகட்டும் அக்கா' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவர் அதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரிப்பார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். இளிச்சவாய் ஒருத்தி கிடைத்துவிட்டால் எல்லாரும் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். விசுவாசிகள் மட்டும் அதற்கு விலக்கா என்ன?

நான் அவருக்கு நாத்தனார். ஒரே வீட்டில் கீழே அண்ணனும் அண்ணியும் அவர்களுடைய இரண்டு பெண்களும், மாடியில் நானும் படுத்த படுக்கையாக இருக்கிற அப்பாவும். போதாக்குறைக்கு எங்கள் இருவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. நான் மருந்து கொடுக்கும் ஜன்னலில், அவர் அடித்தளத்தில். ஆகவே அவர் எப்போது எழுந்தார், என்ன சாப்பிட்டார், எதைச் சாப்பிடாமல் ஒதுக்கிவைத்தார் எல்லாம் எனக்கு அத்துப்படி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அவர் என்னை வாயாடி என்று கூப்பிடுவார். இந்தக் கதையை நான்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னால் பாதிக்கு மேல் ஸ்தோத்திரம்தான் இருக்கும்.

அண்ணியின் வேலை வெளியில் யாருக்கும் தெரியாத வேலை. அறுவை சிகிச்சை முடிந்த கத்தரி, இடுக்கி, கொக்கி எல்லாம் ஒரு பக்கத்து ஜன்னல் வழியாக ரத்தக்கறையோடு அந்த அறைக்கு வரும். அவற்றைக் கழுவி, பிரஷ் போட்டுத் தேய்த்து, உலர்த்தி, கத்தரியின் மூட்டு சரியாக அசைகிறதா என்று திறந்து மூடிப் பார்த்து, ட்ரேயில் அடுக்கி, இரட்டைத் துணியில் மடித்து ஆட்டோகிளேவுக்குள் அனுப்ப வேண்டும். அது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற நீராவி இயந்திரம். மடிப்பதற்கு முன் ட்ரேக்குள் ஒரு சின்னக் காகிதப் பட்டை வைப்பார்கள். நீராவி உள்ளே வரைக்கும் போயிருந்தால் பட்டையின் நிறம் மாறிவிடும். மேலே தியேட்டரில் சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்ததும் முதலில் தேடுவது அந்தப் பட்டையைத்தான். நிறம் மாறவில்லை என்றாலோ, பட்டையே இல்லை என்றாலோ, அந்த ட்ரேயை ஒருவரும் தொட மாட்டார்கள்.

பல வருஷம் வராந்தா துடைத்து, பிறகு கழுவும் தொட்டியில் நின்று, அதற்குப் பிறகுதான் அண்ணி அந்த மடிக்கிற மேசைக்கு வந்தார். அதைத் தன் ஊழியம் என்றே சொல்வார். ஒவ்வொரு ட்ரேயையும் மடித்து முடித்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, இது யாருக்குப் போகிறதோ அவரைச் சுகமாக்கும் ஆண்டவரே என்று ஒரு வரி ஜெபம். ஆமென் சொல்லிவிட்டுத்தான் டேப் ஒட்டுவார்.

"எனக்கு அவங்க முகம் தெரியாது, பேர் தெரியாது. ஆனா நான் தொட்டதுதான் அவங்க உடம்புக்குள்ள போகுது. சும்மா அனுப்பிட முடியுமா, வாயாடி?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். நான் ஆராதனையில் வாசல் ஓரமாக உட்கார்ந்து கடைசிப் பாட்டுக்கு முன் நழுவுகிற ஜாதி. எனக்கே அது நியாயமாகப் பட்டது.

அந்த மேசையில்தான் தப்பு நடந்தது. மேலே ஒரு நோயாளிக்கு மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தாகிவிட்டது. டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு நிற்கிறார். சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே பட்டை இல்லை. வேறு செட் கொண்டுவரும் வரை அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பொட்டலத்தின் மேல் டேப்பில் இருந்தது அண்ணியின் கையெழுத்து.

கேன்டீனில் என் எதிரே உட்கார்ந்து அண்ணி டீயைத் தொடாமலே சொன்னார். "பட்டைய கையில எடுத்தேன். அந்த நேரம் கழுவுற பக்கத்துலேருந்து யாரோ கூப்பிட்டாங்க, பதில் சொன்னேன். திரும்பி வந்து மடிச்சேன், கைய வெச்சேன், ஜெபம் பண்ணினேன். ஆமென்னு சொன்னதும் எல்லாம் முடிஞ்ச மாதிரி இருந்திச்சு. கை தானா டேப்ப எடுத்துடுச்சு."

"ஜெபம் பண்ணினது பட்டை வெச்ச மாதிரி ஆயிடுச்சா?"

"அப்படித்தான் இருக்கணும்."

வேறு யாராக இருந்தாலும் நான் சிரித்திருப்பேன். அண்ணியின் முகத்தைப் பார்த்தால் சிரிக்கத் தோன்றவில்லை. கண்ணுக்குக் கீழே தோல் சாம்பல் பூத்துக் கிடந்தது. அந்த அறையின் பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜ் அம்மா அவரைக் கூப்பிட்டுச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். "உங்க வேலையில இதுவரைக்கும் நான் குறை கண்டதில்ல. ஆனா இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா மேசைலேருந்து எடுத்துடுவேன். எனக்கு வேற வழி கிடையாது."

சம்பளம் குறையாது, வேலையும் போகாது. மேசைதான் போகும். அண்ணிக்கு அதுதான் தாங்கவில்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவரும் இரண்டு நாள் லீவு போட்டுத் தூங்குவார்கள். அண்ணி என்ன செய்தார் தெரியுமா? ஜெபம் குறைந்துவிட்டதால்தான் கவனம் சிதறியது என்று முடிவுகட்டினார். சங்கிலி ஜெபத்தில் இன்னொரு நேரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை உபவாசம் என்றார். தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு அந்த நீராவிப் புழுக்கத்தில் நின்று வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகு துடைத்து, பிள்ளைகளின் துணியை மடித்து, பிறகு அங்கிகளைத் தேய்க்க உட்கார்ந்தார்.

"நின்னுகிட்டே விழுந்துடுவீங்க அண்ணி. உடம்பு என்ன இரும்பா?" என்றேன்.

"பெலன் குடுப்பாரு."

"குடுப்பாரு. சாப்பிட்டா குடுப்பாரு."

"உனக்கு எல்லாம் விளையாட்டு" என்றார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அண்ணன் பேருந்து ஓட்டுகிறவன். வீட்டில் வாயைத் திறந்தால் அதிசயம். அவன் ஒருநாள் தேய்ப்புப் பெட்டியின் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, சுருட்டி, பீரோ மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அண்ணி நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்து மிச்சமிருந்த அங்கிகளையும் தேய்த்து முடித்தார்.

புதன்கிழமை சாயங்காலம் சபையில் பெண்கள் கூட்டம். பாஸ்டரம்மா நடத்துவார். அன்று அண்ணியை முடிவு ஜெபம் செய்யச் சொன்னார். அண்ணி முழங்கால்படியிட்டு, நாற்காலியில் முகத்தைப் புதைத்து, "எங்கள் பரம தகப்பனே" என்றார். அதற்கு மேல் சத்தம் வரவில்லை. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தோம். அக்கா மௌன ஜெபத்தில் இறங்கிவிட்டார் என்று நினைத்து ஒருத்தி மெல்ல விசும்பத் தொடங்கினாள். இன்னொருத்தி, "ஆண்டவர் அவங்களோட பேசிட்டிருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று கிசுகிசுத்தாள். காத்திருந்தோம், காத்திருந்தோம், என் கால் மரத்துப்போனது. அப்போதுதான் நாற்காலியிலிருந்து குறட்டை கேட்டது. மெல்லிசான குறட்டை இல்லை, நல்ல கனத்த குறட்டை.

சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பாஸ்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தானே ஆமென் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டு, அண்ணியின் தோளைத் தொட்டு எழுப்பினார். அண்ணிக்கு அவமானத்தில் அழுகை வந்துவிட்டது. வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஆண்டவர் முன்னாடி தூங்கிட்டேன்." இந்த மனுஷியைப் பிடித்து உலுக்கவா கட்டிக்கொள்ளவா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம் அது நடந்தது. காலை வேலையின் முதல் சுற்று. அண்ணி தன் மேசையில் மடித்த பொட்டலங்கள் எல்லாம் ஆட்டோகிளேவுக்குள் ஏறி, கதவு பூட்டி, நீராவி இரைய ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு உறைத்ததாம். பட்டை வைத்தோமா? ஒரு ட்ரேயை யோசித்துப் பார்த்தார், ஞாபகம் இல்லை. அடுத்ததை யோசித்தார், இல்லை. காலையிலிருந்து மேசையில் நின்றதே நினைவில் இல்லை. வாயால் ஜெபம் சொன்னதும் கை டேப் ஒட்டியதும் நடந்திருக்கும். யார் நின்று செய்தது என்று அவருக்கே தெரியவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். பழகிய கை, பெரும்பாலும் வைத்திருக்கும். வாயைத் திறந்தால் மேசை போய்விடும் என்பதும் தெரியும். அண்ணி இன்சார்ஜ் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, உள்ள போன லோடு எல்லாத்தையும் பிரிச்சுப் பார்க்கணும்."

"ஏன்? பட்டை வைக்கலயா?"

"வெச்சேனான்னு தெரியல." பிறகு, எங்கள் வீட்டில் ஒருவரும் அவர் வாயிலிருந்து கேட்டிராத வார்த்தையைச் சொன்னார். "நான் களைச்சுப் போயிட்டேம்மா. ரொம்ப நாளாவே."

மேலே தியேட்டருக்குச் சொல்லி, இருப்பிலிருந்த செட்டுகளை வைத்துச் சமாளித்து, அந்த லோடு முழுவதையும் இறக்கினார்கள். சூட்டோடு சூடாக ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். முதல் பொட்டலத்தில் பட்டை இருந்தது. இரண்டாவதில் இருந்தது. கடைசிப் பொட்டலம் வரைக்கும் எல்லாவற்றிலும் இருந்தது, அழகாக நடுவில், வைக்க வேண்டிய இடத்தில். பக்கத்தில் நின்றவர்கள் பெருமூச்சு விட்டுச் சிரித்தார்கள். அண்ணி தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு பொட்டலத்திலாவது வைத்தது ஞாபகம் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தாராம், வரவே இல்லையாம்.

இன்சார்ஜ் அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் சொன்னதைச் செய்கிறவர். "இது தண்டனை இல்ல. நீங்க வந்து சொன்னது நல்லது. ஆனா இந்தக் கண்ணோட மேசைல நிக்க வேணாம்" என்றார். அன்றைக்கே அண்ணியைத் துணிப் பக்கத்துக்கு மாற்றினார். சலவையிலிருந்து வரும் போர்வை, துண்டு, தியேட்டர் துணிகளைக் கிழிசல் பார்த்து மடித்து அடுக்குகிற வேலை. பட்டையும் இல்லை, பொறுப்பும் இல்லை. மேசை இருந்த பக்கம் திரும்பிப் பார்க்காமல் அண்ணி அங்கே நின்று மடித்தார்.

வீட்டில் எங்களுக்குச் செய்தி தெரிந்ததும் அண்ணன் மேலே வந்து, "இனிமே அப்பாவை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி நான் துடைச்சுவிடறேன். காலையில நீ பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அண்ணியிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. பெரியவள் பாத்திரம் கழுவினாள். சின்னவள் கழுவுகிறேன் என்று சொல்லி உடைத்தாள்.

அந்த நாட்களில் ஒருநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். அண்ணி ஒரு துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

"வாயாடி, படகுல ஆண்டவர் தூங்கினாரு இல்ல, புயல் அடிக்கறப்போ?"

"ஆமா."

"ஞாயிறு பள்ளில எத்தன தடவ அத நடத்தியிருக்கேன். எழுந்து புயல அடக்கினாருன்னு கைய விரிச்சு விரிச்சு சொல்லிக்குடுப்பேன். அவரு தூங்கினத மட்டும் ஒரு வரில தாண்டிப் போயிடுவேன். தலையணை வெச்சுத் தூங்கினாராம். நாள் பூராவும் ஜனங்களோட நின்னுட்டு, அலுத்துப்போய்." துண்டைக் கொடியில் போட்டார். "அவருக்கே அலுத்திச்சு."

நான் கிளிப்பைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வேலை முடிகிற நேரத்தில் இன்சார்ஜ் அம்மா துணிப் பக்கம் வந்து அண்ணியின் முகத்தை உற்றுப் பார்த்தாராம். "திங்கக்கிழம காலையில மேசைக்கு வாங்க, பார்க்கலாம். ஆனா பழைய கண்ணோட வந்தீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன். அப்புறம் என்னைக் கேக்காதீங்க." அண்ணி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மறுநாள் ஞாயிறு. மாலையில் சபையில் சிறப்புக் கூட்டம். மதியமே போய் நாற்காலி போட, திரைச்சீலை மாட்ட, வருகிற ஜனங்களுக்குச் சமைக்க ஆள் வேண்டும். ஒவ்வொரு முறையும் அதை முன்நின்று செய்கிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போனால் முதுகு ஒடிந்துதான் திரும்புவார்.

காலை ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அண்ணி முன்னறையில் பாய் விரித்துப் படுத்தார். கண் அசருவதற்குள் கதவு தட்டும் சத்தம். நான்தான் திறந்தேன். பாஸ்டரம்மா. சமையலுக்கு வாங்கிய பைகள் இரண்டு கையிலும். நெற்றியெல்லாம் வேர்வை, சேலை மடிப்பு கலைந்து, செருப்பின் ஒரு வார் அறுந்து பின்னால் இழுபட்டது.

"அக்கா இருக்காங்களா? கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன்."

என் நாக்கு நுனியில் நல்ல நல்ல வார்த்தைகளாக வந்து நின்றன. ஒன்றை எடுத்து வீசுவதற்குள் பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னிக்கு நான் வரலம்மா."

பாஸ்டரம்மாவுக்குப் புரியவில்லை. "உடம்பு சரியில்லயா?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. தூங்கணும். நாளைக்கு மேசைல நிக்கணும், அதுக்குத் தூங்கணும்." சொல்லிவிட்டு, அடி வாங்கக் காத்திருப்பவர் மாதிரி கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

பாஸ்டரம்மா இரண்டு பைகளையும் வாசலில் வைத்தார். உள்ளே எட்டிப் பாயையும், சுழலும் மின்விசிறியையும், மூடியிருந்த ஜன்னலையும் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் பசித்தவர்களிடம்தான் கண்டிருக்கிறேன்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கொண்டுவர நான் உள்ளே போய்த் திரும்புவதற்குள் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிவிட்டார். அண்ணி தன் தலையணையை எடுத்து வந்து அவர் கழுத்துக்குப் பின்னால் மெதுவாகச் செருகினார். கொஞ்ச நேரத்தில் பையிலிருந்த பாஸ்டரம்மாவின் போன் அடித்தது. சபைச் செயலாளர். அண்ணி எடுத்தார்.

"ஆமாங்க, அம்மா இங்கதான் இருக்காங்க. தூங்குறாங்க." அந்தப் பக்கம் ஏதோ சத்தமாகப் பேசியது எனக்கே கேட்டது. அண்ணி கேட்டுக்கொண்டிருந்தார். "இல்லீங்க. எழுப்ப முடியாது. பைய வந்து எடுத்துட்டுப் போங்க, நீங்களே சமைங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு அடுப்படிப் பக்கம் ஓர் அடி வைத்தார், நின்றார், திரும்பி வந்து தலையணை இல்லாமலே பாயில் படுத்துக்கொண்டார்.

கூட்டம் எப்படியோ நடந்தது. சாப்பாட்டில் உப்பு அதிகம் என்று கேள்வி. திங்கட்கிழமை இன்சார்ஜ் அம்மா அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மேசையைக் காட்டினார். மதியத்துக்கு மேல் தன் கையைத் தனக்கே நம்ப முடிவதில்லை, பெரிய செட்டுகளைக் காலையிலேயே கொடுத்துவிடுங்கள் என்று அண்ணியே கேட்டு வாங்கிக்கொண்டார். களைப்பு ஒரேயடியாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இன்றும் சாயங்காலம் வந்ததும் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்ற அவருக்கு நேரம் பிடிக்கிறது.

பாஸ்டரம்மா இப்போது ஞாயிறு மதியம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறார். அண்ணி பாய் விரித்து வைத்திருப்பார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்கள். எங்கே போகிறீர்கள் என்று சபையில் யாராவது கேட்டால், வீட்டு ஜெபத்துக்கு என்கிறாராம் பாஸ்டரம்மா. அது பொய்தானே என்று நான் அண்ணியிடம் வம்புக்கு இழுத்துப் பார்த்தேன். அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டேன் என்கிறார்.